தோட்டத்துக் கதவோரம் முளைத்த செடி

புயல் தண்ணீர் வடிந்த பிறகு தனக்கொடியின் வீட்டுத் தோட்டத்தில் எது எதுவோ முளைத்தது. ஒன்றுக்கும் அவளுக்குப் பெயர் தெரியவில்லை. பெயர் சொல்கிற ஆள் வீட்டில் இல்லை.

தோட்டம் என்று சொல்லிக்கொள்வதுதான். உழவர்கரையில், வாய்க்காலை ஒட்டிப் போட்ட நகர் ஒன்றின் கடைசி வரிசை வீடு அது. பின்கதவைத் திறந்தால் இரண்டு படி, துவைக்கிற கல், நாலு பேர் நெருக்கி நிற்கிற அளவுக்கு மண், அதற்கப்பால் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் வாய்க்கால். புயல் ராத்திரியில் அந்தச் சுவர் பாதி சரிந்து போயிற்று. சன்னல் மட்டத்துக்கு ஏறி நின்ற தண்ணீர் இறங்கியபோது சாம்பல் நிறச் சேறு தோட்டம் முழுக்கப் பூசிவிட்டது போலக் கிடந்தது. முளைத்ததெல்லாம் அந்தச் சேற்றில்தான்.

அவளுடைய வீட்டுக்காரர் கோவிந்தசாமி இருந்திருந்தால் இந்தச் சிக்கலே இல்லை. காலையில் வேப்பங்குச்சியும் வாயுமாகப் படியிறங்கி ஒரு சுற்று வருவார். இரண்டு இலை வெளியே தலை நீட்டியதுமே, தெரிந்த ஆளைத் தெருவில் கூப்பிடுகிற மாதிரிப் பெயர் சொல்லிவிடுவார். இது துத்தி, இருக்கட்டும்; இது வேண்டாத களை, பிடுங்கு. ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் கிராமத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்து, மில் வேலைக்காகப் பாண்டிக்கு வந்தவர் அவர். மில் மூடிய பிறகு ஒரு கம்பெனி வாசலில் காவல் வேலை. தனக்கொடியோ மில்காரர் மகள், டவுனிலேயே பிறந்து வளர்ந்தவள். லாஸ்பேட்டையில் ஒரு கல்லூரி விடுதிச் சமையலறையில் காய் நறுக்குகிறாள். பலகையில் வந்து விழுகிற எந்தக் காயையும் தொட்டுப் பார்த்தே சொல்வாள். அந்தக் காய் காய்க்கிற செடிக்கு இலை எப்படி இருக்கும் என்று கேட்டால் மட்டும் சிரிப்பாள். "அதுக்குத்தான் அவர வச்சிருக்கேன்" என்பாள்.

புயலுக்கு மறுநாளிலிருந்து அவரைக் காணவில்லை.

புயல் கரை கடக்கும் என்று சொன்ன நாள் அமாவாசை. காலையிலேயே வானம் இருட்டிக்கொண்டு வந்தது. ஊரில் தம்பி இராமதாசின் மோட்டார் கொட்டகை பள்ளத்தில் இருக்கிறது, மோட்டாரைக் கழற்றி மேட்டில் ஏற்ற இன்னொரு ஆள் வேண்டும் என்று கோவிந்தசாமி கிளம்பினார். தனக்கொடி வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"ஊரே கதவ சாத்திக்கினு ஒக்காந்திருக்குது. உனக்கு மோட்டாரு கேக்குதாயா?"

"சாயங்காலத்துக்குள்ள வந்துடுவேன்டி."

"தம்பின்னா மட்டும் உசுரு. போ, அங்கயே இருந்துக்க."

"சரி, அங்கயே இருந்துக்கறேன்" என்று வண்டியை மிதித்தார். அதைச் சிரித்துக்கொண்டு சொன்னாரா, கோபமாகச் சொன்னாரா என்பதுதான் அவளுக்கு இப்போது நினைவுக்கு வரமாட்டேன் என்கிறது. குரல் வருகிறது. முகம் வருவதில்லை.

ராத்திரி முழுக்கக் கொட்டியது. விடியற்காலையில் வாய்க்கால் தண்ணீர் வீட்டுக்குள் வந்தது. வார்டு ஆட்கள் டிராக்டர் கொண்டுவந்து எல்லாரையும் பள்ளிக்கூடத்து மாடிக்கு ஏற்றினார்கள். தனக்கொடி பின்கதவுக்கு உள்தாழ்ப்பாள் போட்டு, முன்கதவுக்குப் பூட்டுப் போட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு போனாள். அங்கே கிராமத்தில் காலையில் மழை சற்று விட்டதும் கோவிந்தசாமி வண்டியைத் தம்பி வீட்டிலேயே போட்டுவிட்டு நடந்து கிளம்பியிருக்கிறார். தம்பி தடுத்திருக்கிறான், கேட்கவில்லை. கொஞ்ச நேரத்துக்கெல்லாம் ஆற்றில் வெள்ளம் ஏறிப் பாலத்துக்கு மேலே ஓடியது. பாலத்தைத் தாண்டினாரா, தாண்டவில்லையா, பார்த்தவர்கள் யாருமில்லை. தீயணைப்பு ஆட்களும் மீனவர்களும் பாலத்தடியிலிருந்து முகத்துவாரம் வரை தேடினார்கள். செருப்புக்கூடக் கிடைக்கவில்லை.

பொங்கல் சமயத்தில் அடுத்த வீட்டுத் தாமரைச்செல்வி ஒரு சேதி கொண்டுவந்தாள். அவளுடைய சித்தி மகன் திருவண்ணாமலைக்கு கிரிவலம் போனவன், பாதையோரத்தில் காவி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒருவரைப் பார்த்தானாம். அச்சு அசல் கோவிந்தசாமியாம். கூப்பிட்டதற்கு முகத்தைத் திருப்பிக்கொண்டாராம்.

"நான் சொல்லலக்கா. அவன் சொன்னான். இந்த ஆம்பளைங்களுக்கு திடீர்னு அப்பிடி ஒண்ணு வந்துடுதே, இன்னா பண்றது" என்றாள் தாமரைச்செல்வி, பால் பாக்கெட்டை அந்தக் கையிலிருந்து இந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு.

அன்றிலிருந்து தனக்கொடிக்குத் தூக்கம் இரண்டாகப் பிளந்தது. செத்தாரா, விட்டுவிட்டுப் போனாரா. சண்டை போட்டு அனுப்பியவள் அவள். அங்கேயே இருந்துக்க என்றவள் அவள். அவர் அந்த வார்த்தைக்குக் கட்டுப்பட்டு எங்கேயோ இருந்துகொண்டாரோ?

வேலை முடிந்து மத்தியானம் வீட்டுக்கு வந்தால் பின்கதவில் சத்தம் கேட்கும். கோவிந்தசாமி முன்வாசல் வழியாக வந்ததே கிடையாது. வில்லியனூர் ரோட்டிலிருந்து வாய்க்கால் கரை குறுக்கு வழி. அப்படியே வந்து பின்கதவை உள்ளங்கையால் அறைவார். இப்போதும் அதே அறை. போய்த் திறப்பாள். படிக்குக் கீழே செடிகள் நின்றுகொண்டிருக்கும். காற்றில்லாத வெயிலில் அவற்றில் ஒன்று மட்டும் அப்போதுதான் யாரோ உரசிக்கொண்டு போன மாதிரி ஆடி நிற்கும்.

"இது இன்னா செடி?" என்று ஒருநாள் வாய்விட்டே கேட்டுவிட்டாள். கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தாள். எவ்வளவு நேரம் அப்படி நின்றாள் என்று தெரியாது, அடுப்பில் சோறு தீய்ந்த வாடை வந்தது.

மற்றதையெல்லாம் அக்கம்பக்கத்தில் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். சுவரோரத்தில் கொத்தாக நின்றது காட்டாமணக்கு, வாய்க்காலில் அடித்துக்கொண்டு வந்தது. கல்லுக்குப் பின்னால் தக்காளி, யார் வீட்டுக் குப்பையோ. ஒரே ஒரு வகைச் செடியைத்தான் யாருக்கும் தெரியவில்லை. அதுதான் அதிகமாகவும் முளைத்திருந்தது. இடிந்த சுவரடியில் ஒரு வரிசை, பின்கதவுப் படிக்கு நேர் கீழே ஒரு கும்பல். தண்டு உருண்டையாக இல்லை, பட்டையாக நாலு பக்கம். இலை தொட்டால் மெத்தென்றிருந்தது, கசக்கினால் ஒரு முரட்டு வாடை. தை மாதத்தில் பூத்தது. கவிழ்த்த மணி மாதிரி, வெள்ளையில் லேசாக ஊதா கலந்த பூ.

பிரான்சில் இருக்கிற மகள் சிவசங்கரியிடம் வீடியோவில் காட்டினாள். அவளைக் கட்டியவன் பிரெஞ்சுப் பிரஜை. பாரீசுக்குப் பக்கத்தில் இருக்கிறார்கள். அவள் படத்தைப் பிடித்துப் போனில் எதிலோ போட்டுப் பார்த்தாள். பார்த்ததும் கத்தினாள்.

"அம்மா, கைய எடு! அது திஜித்தால்னு ஒரு பூச்செடி. இங்க தோட்டத்துல வளரும். வெஷம்மா. நெஞ்சையே நிறுத்திடும்."

"இவ்ளோ நாளா தொட்டுக்கினுதான் இருக்கேன். நெஞ்சு ஓடினுதான் இருக்குது."

"வெளையாடாத. எல்லாத்தயும் பிடுங்கிப் போடச் சொல்லு. கையில பிளாஸ்டிக் பை மாட்டிக்கோ. ராத்திரியெல்லாம் எனக்கு இதே நெனப்பா இருக்கும்மா. நீ அந்த வீட்ல ஒத்தையா... இங்க வந்துடேன்."

"வர்றேன். அப்பா வந்து கேட்டா இன்னா சொல்றது?"

அந்தப் பக்கத்திலிருந்து பேத்தி பிரெஞ்சில் ஏதோ கேட்டு அடம்பிடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

தனக்கொடி பிடுங்கவில்லை. தெரியாத ஒன்றைப் பிடுங்க அவளுக்குக் கை வரவில்லை.

தை கடைசியில் இராமதாஸ் வந்தான். வைகாசியில் அவன் மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தது. அண்ணன் காரியம் முடியாமல் வீட்டில் நல்லது செய்ய முடியாது. உடம்பு கிடைக்காதவர்களுக்கு வைக்கோலில் ஆள் செய்து வைத்துக் கருமாதி செய்கிற வழக்கம் உண்டு, பெரியவர்கள் ஒத்துக்கொண்டுவிட்டார்கள் என்று தயங்கித் தயங்கிச் சொன்னான். கருமாதி என்றால் தனக்கொடி தாலியை அறுக்க வேண்டும்.

"உயிரோட இருக்கறவருக்கா வைக்கோலு சுத்தப் போற?" என்று கேட்டாள்.

"அண்ணி, திருவண்ணாமல கதையெல்லாம் நம்பறீங்களா?"

"நம்பல. நம்பாமயும் இல்ல."

அவன் பேச்சை மாற்றுவதற்காக எழுந்து பின்பக்கம் கை கழுவப் போனான். போனவன் படியில் அப்படியே நின்றுவிட்டான்.

"எள்ளு யாரு அண்ணி போட்டது?"

"எது எள்ளு?"

"இதான். இவ்ளோவும் எள்ளு."

தினமும் விடுதியில் படி கணக்கில் வறுத்து இடிக்கிற எள்! அவள் செடியைப் பார்த்தாள். மகள் சொன்ன விஷப்பூவை நினைத்துச் சிரிப்பு வந்தது. இராமதாஸ் சிரிக்கவில்லை. குனிந்து படிக்குக் கீழே இருந்த கும்பலைத் தொட்டுக்கொண்டு நின்றான்.

"அண்ணன் அன்னைக்கி கெளம்பறப்ப எங்கிட்ட ஒரு பை எள்ளு வாங்கினு போச்சு. வெறுங்கையோட போனா உங்க அண்ணி பேசுவான்னு சொல்லி சிரிச்சுது. போலீசுல சட்ட, லுங்கி எல்லாம் கேட்டாங்க. பையப் பத்தி கேக்கல. எனக்கும் இப்பதான் ஞாபகத்துக்கு வருது."

ஊருக்குப் போனால் எதையாவது கொண்டுவராமல் வராதே என்று கல்யாணமான நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருப்பவள் தனக்கொடிதான்.

இருவரும் ஒரே நேரத்தில் அதை நினைத்தார்கள். இது அந்தப் பை எள்ளாக இருந்தால் அவர் பாலத்தைத் தாண்டியிருக்கிறார். வழக்கம் போல வாய்க்கால் கரையோடு வந்திருக்கிறார். இந்தப் படி வரைக்கும் வந்திருக்கிறார். தேடியதெல்லாம் தப்பான இடத்தில்.

இராமதாஸ்தான் முதலில் தலையை உதறிக்கொண்டான். "இருங்க அண்ணி. வாய்க்கா தலப்புல கொளம் இருக்குதில்ல? அமாவாசையன்னைக்கி ஊரு சனமெல்லாம் அங்கதான் எள்ளும் தண்ணியும் எறைக்கும். புயலன்னைக்கி அமாவாச. அந்த எள்ளு அடிச்சிக்கினு வந்திருந்தா?"

"எப்பிடித் தெரியும்?"

"தவசத்துக்குக் கருப்பு எள்ளுதான். வேற போட மாட்டாங்க. நான் குடுத்தது வெள்ள எள்ளு, எங்கிட்ட கருப்பே கெடையாது. காயி முத்தட்டும். தெரிஞ்சுடும்."

அதற்கப்புறம் தனக்கொடி அந்தச் செடிகளோடு குடியிருந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். கருப்பாக இருந்தால் ஊரார் தங்கள் செத்தவர்களுக்கு இறைத்த எள் இங்கே வந்து வேர் பிடித்திருக்கிறது. கோவிந்தசாமி எங்கேயோ காவி கட்டிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாவது இருக்கலாம். வெள்ளையாக இருந்தால் அவர் விட்டுப் போகவில்லை, அவளைத் தேடி வந்தார்; அவர் இல்லை. விளக்கேற்றிக் கும்பிட நின்றால் எதை வேண்டிக்கொள்வது என்று தெரியாமல் கையை இறக்கிவிடுவாள். தாமரைச்செல்வி வேறு, "எள்ளு தானா மொளைக்கிற வீடு ஆகாதுக்கா" என்று பக்கவாட்டுச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்தே சொல்லிவிட்டுப் போவாள். கதவு அறைகிற சத்தம் இப்போது தினமும் கேட்டது. காதைப் பொத்திக்கொண்டாலும் கேட்டது.

பூ உதிர்ந்து காய் வைத்தது. தண்டை ஒட்டி நிமிர்ந்து நிற்கிற பச்சைக் காய்கள். மாசி நடுவில் ஒரு மத்தியானம் அவளால் தாங்க முடியவில்லை. படியோரத்துச் செடியில் ஒரு காயை ஒடித்து நகத்தால் பிளந்தாள்.

உள்ளே அடுக்கி வைத்தது போல எள். வெள்ளை.

அவள் போட்ட சத்தத்தில் தாமரைச்செல்வி ஓடிவந்தாள். பின்னாலேயே தெருவும் வந்தது. தனக்கொடி நெற்றிப் பொட்டை அழித்துக்கொண்டு படியில் கிடந்தாள். பெண்கள் சுற்றி உட்கார்ந்து கட்டிப்பிடித்து அழுதார்கள். திருவண்ணாமலைச் சேதி கொண்டுவந்த தாமரைச்செல்வியின் அழுகைதான் எல்லாரையும் விடப் பெரிதாக இருந்தது. வா, நாள் பார்க்கலாம் என்று இராமதாசுக்குப் போன் போயிற்று. அவன் வண்டியை விரட்டிக்கொண்டு வந்தான். அவள் கைக்குள் மடக்கி வைத்திருந்த காயை வாங்கிப் பார்த்தான்.

"அண்ணி, பச்சக் காயில எல்லா எள்ளும் வெள்ளதான். கருப்பும் முத்தினாத்தான் கருக்கும்."

கூட்டம் அழுகையை நிறுத்திவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது.

"அப்ப இன்னான்ற? அழுவறதா வேணாமா?" என்றாள் தாமரைச்செல்வி, மூக்கைச் சிந்திக்கொண்டு.

எல்லாரும் எழுந்து, சேலையைத் தட்டிக்கொண்டு கலைந்து போனார்கள். தனக்கொடி உள்ளே போய்க் கண்ணாடி முன்னால் நின்றாள். விரல் குங்குமத்தைத் தொடுவதற்கு வெகுநேரம் பிடித்தது. ஒருமுறை அழித்ததை மறுபடி வைக்கிற பாவம் எந்தப் பெண்ணுக்கும் வரக் கூடாது என்று நினைத்தாள். வைத்துக்கொண்டாள்.

பங்குனி வெயிலில் இலைகள் பழுத்து உதிர்ந்தன. அடிக்காய்கள் பழுப்பாகி வாய் விரிய ஆரம்பித்தன. இராமதாஸ் ஒரு பழைய வேட்டியும் அரிவாளுமாக வந்தான். வேட்டியைத் தரையில் விரித்து, சுவரடியிலிருந்த வரிசையை முதலில் அறுத்து அதன்மேல் தலைகீழாகப் பிடித்துத் தட்டினான்.

மழைச் சத்தம் மாதிரிப் பொலபொலவென்று கொட்டியது. கருப்பு. அடுத்த செடியும் கருப்பு. அடுத்ததும்.

"அண்ணி" என்றான், மூச்சு விட்டுக்கொண்டு. "கருப்பு அண்ணி. இது கொளத்து எள்ளுதான்."

தனக்கொடிக்குக் கால் தரையில் நிற்கவில்லை. இருக்கிறார். எங்கேயோ, அவளை வேண்டாமென்று, இருக்கிறார். சந்தோஷம் போல ஒன்றும் அதற்கடியில் கரி போல ஒன்றும் சேர்ந்து நெஞ்சில் ஏறின. "திருவண்ணாமலைக்குப் போலாமா தம்பி?" என்றாள். "நாளைக்கே போலாம். மொகத்த திருப்பிக்கினா திருப்பிக்கட்டும். நான் ஒரு வார்த்த கேட்டுட்டு வந்துடறேன்."

"போலாம் அண்ணி. இதயும் அறுத்துப் போட்டுட்டா வேல முடிஞ்சுது" என்று இராமதாஸ் படிக்குக் கீழே இருந்த கும்பலுக்கு வந்தான். அறுத்தான். வேட்டியின் இந்த ஓரத்தில் தலைகீழாகப் பிடித்துத் தட்டினான்.

தட்டிய கை நின்றுவிட்டது.

கருப்புக்குப் பக்கத்தில், சேராமல், வெள்ளையாக விழுந்து கிடந்தது. அவன் இன்னொரு செடியைத் தட்டினான். இன்னொன்றை. வாய் விரிந்த, முற்றிக் காய்ந்த காய்கள். படியடியில் இருந்த எல்லாமே வெள்ளை. சுவரடியில் ஊராருடையது வந்து ஒதுங்கியிருக்கிறது. இங்கே, கதவுக்கு நேராக, ஒரு பை கை தவறியிருக்கிறது.

இராமதாஸ் அரிவாளை வைத்துவிட்டு அங்கேயே குந்திக்கொண்டு துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். தனக்கொடிக்கு அழுகை வரவில்லை. அதை மாசியிலேயே அழுதாகிவிட்டது. படியில் உட்கார்ந்து பின்கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

"தட்டியிருப்பாரு."

"அண்ணி, வேணாம்."

"உள்ளாற தாப்பா போட்டுட்டுத்தானே போனேன். நான் உள்ள இருக்கேன்னு நெனச்சி தட்டியிருப்பாரு."

"தண்ணி கழுத்தளவு இருந்திருக்கும். தொறந்தே இருந்தாலும் உள்ளயும் அதே தண்ணிதான?"

"உள்ள மாடிப்படி இருக்குது தம்பி."

வாய்க்காலில் தண்ணீர் கணுக்கால் அளவுக்கு, ஒன்றுமே நடக்காதது போல ஓடிக்கொண்டிருந்தது.

"நாள் பாரு" என்றாள் பிறகு. "ஆத்தங்கரையில வேணாம். அவரு ஆத்துல போவல. இந்தப் படியில வச்சி செய்யி."

சாயங்காலம் சிவசங்கரி கூப்பிட்டாள். திரையில் அவளுக்குப் பின்னால் சாம்பல் நிற வானமும் ஒரு சன்னலும் தெரிந்தன. எடுத்ததுமே, "அந்தச் செடியெல்லாம் பிடுங்கிட்டியாம்மா?" என்றாள்.

"அறுத்தாச்சு. எள்ளும்மா அது. உங்கப்பா கொண்டாந்தது."

மகள் ஒன்றும் புரியாமல் பார்த்தாள். தனக்கொடி போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்து, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளிடம் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னாள்.

"அப்பா வீட்டுக்கு வந்தாரு சங்கரி. புயலுக்கு மறுநாளே வந்துட்டாரு. நாந்தான் இல்ல."